பழுது பார்த்த பின் வரும் பழுது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

புதிதாக வாங்கும் பொருளோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, "இயந்திரம் ஓடவில்லை" என்பதற்கு எதிரே "பிளக் செருகப்பட்டுள்ளதா என்று பாருங்கள்" என அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த வரியை மதித்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும், மெக்கானிக்குக் கொடுத்த முந்நூறு ரூபாயும், தெருவாசிகள் முன்னால் இருந்த மரியாதையும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

தானாகத் தேய்ந்து கெட்டுப்போகும் பொருள்களைப் பற்றியதல்ல இந்த வழிமுறை. நாம் கழுவிய பிறகு, துடைத்த பிறகு, எண்ணெய் போட்ட பிறகு, "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பிரித்துப் பூட்டிய பிறகு தோன்றும் பழுதுகளைப் பற்றியது. ஆகவே கீழே உள்ள எல்லா அறிகுறிகளுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருளைக் கடைசியாக யார் தொட்டார்கள், எதற்காகத் தொட்டார்கள்? வீட்டில் இதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்பது நல்லது. விடை பெரும்பாலும் கேட்பவராகவே இருக்கும்.

பைக் நேற்று வரை ஓடியது. இன்று ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் சாவியைத் தேடுவதற்கு முன், வலது கைப்பிடிக்குப் பக்கத்திலுள்ள சிவப்பு நிற கில் சுவிட்சை, அதாவது இஞ்சினை அணைக்கும் சுவிட்சைப் பாருங்கள். வண்டியைத் துடைக்கும்போது துணி பட்டும், நிறுத்திய வண்டியின் மேல் ஏறி விளையாடும் குழந்தைகளின் விரல் பட்டும் அது அணைந்திருக்கும். சில வண்டிகளில் இந்த சுவிட்ச் அணைந்திருந்தால் ஸ்டார்ட்டர் சுழலவே செய்யாது. சிலவற்றில் ஸ்டார்ட்டரும் கிக்கரும் ஒழுங்காக வேலை செய்தும் இஞ்சின் மட்டும் பற்றாது. இந்த இரண்டாம் வகைதான் ஆளை ஏமாற்றும். முகப்பு விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, கிக்கர் இறங்குகிறது, ஆகவே கோளாறு பெட்ரோலிலோ பிளக்கிலோதான் இருக்க வேண்டும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. நான் அப்படி முடிவு கட்டி, அரை மணி நேரம் கிக்கரை மிதித்து, வியர்வையோடு பக்கத்துத் தெரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் வண்டியின் மேல் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முந்நூறு ரூபாய் என்பது அந்தத் தட்டுக்கான கூலி.

கில் சுவிட்ச் சரியாக இருந்தால் அடுத்ததாக சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு கீழே இறங்கியிருந்தால் இஞ்சின் இயங்காது. ஸ்கூட்டர் என்றால் பிரேக் பிடியை அழுத்திக்கொண்டுதான் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமாக பைக் ஓட்டுபவர் மனைவியின் ஸ்கூட்டரை எடுக்கும் நாளில் இது மறந்துபோகும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதிமுறை நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியானால், டேங்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் காக் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். நீண்ட நாள் நிறுத்தப் போகிறோம் என்று அக்கறையாக அதை அடைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தவர்கள், கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் வண்டி கிளம்பித் தெருமுனை வரை போய் நின்றதும், இஞ்சினே போய்விட்டது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். இவை எல்லாம் சரியாக இருந்தும் பற்றாவிட்டால்தான் பிளக்கின் முறை.

வண்டி பற்றுகிறது, ஆனால் சில நொடிகளில் அணைந்துவிடுகிறது

வண்டியைக் கழுவினீர்களா? கழுவும்போது தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று சைலன்சர் வாயில் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டீர்களா? அதை எடுத்தீர்களா? வெளியேற வேண்டிய புகைக்கு வழி இல்லாவிட்டால் உள்ளே புதுக் காற்று நுழைய இடமிருக்காது, இஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். சைலன்சரைத் தொடாமல், அதன் வாய்க்குச் சற்றுப் பின்னால் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தால் காற்று வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

பை இல்லையென்றால், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காகித ஃபில்டர் நனைந்தால் அதைப் பிழிந்து காயவைத்து மறுபடி போடாதீர்கள், புதிது மாற்றிவிடுங்கள். பிளக் உட்காரும் குழியில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்து, பிளக் மூடியைக் காயவைத்துப் போட்டால் பல வண்டிகள் ஒழுங்காகக் கிளம்பிவிடும்.

சாவி நுழையவில்லை, அல்லது நுழைந்தும் திரும்பவில்லை

நுழையவில்லை என்றால், சாவித் துவாரத்தின் காந்தப் பூட்டு மூடியிருக்கும். யாரோ விஷமி சூயிங்கத்தை வைத்து அடைத்துவிட்டான் என்று எண்ணி ஊசியால் குடையத் தொடங்க வேண்டாம். சாவியின் தலைப்பக்கத்தில் உள்ள காந்த முனையை அதற்கென உள்ள குழியில் வைத்துத் திருப்பினால் மூடி விலகும். நுழைந்தும் திரும்பவில்லை என்றால், ஹேண்டில் பூட்டு இறுகியிருக்கலாம். ஹேண்டிலை இரு பக்கமும் லேசாக அசைத்தபடி சாவியைத் திருப்புங்கள்.

இரண்டும் பலிக்காவிட்டால் ஓரடி பின்னால் போய் நம்பர் பிளேட்டைப் படியுங்கள். ஒரே நிறத்தில், ஒரே மாதிரியில் நான்கு ஸ்கூட்டர்கள் நிற்கும் டீக்கடை வாசலில் இது மிகவும் பயன் தரும் சோதனை.

கழுவித் துடைத்து எண்ணெய் போட்ட பிறகு பிரேக் பிடிக்கவில்லை

சிரிப்பை நிறுத்திவிட்டுப் படிக்க வேண்டிய பகுதி இது. டிஸ்க் பிரேக்கில் கிறீச்சென்று சத்தம் வந்தால், கதவுக் கீலுக்குப் போடுவதைப் போல அதன் மேல் எண்ணெயைத் தெளித்துவிட்டு, சத்தம் நின்றுவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். சத்தத்தோடு பிரேக்கும் நின்றிருக்கும். செயினுக்கு மசகு எண்ணெய் அடிக்கும்போது பின் சக்கரத்து டிஸ்க்கில் சிதறுவதும், டயர் பளபளப்புக்காகப் பூசும் பாலிஷ் வழிந்து இறங்குவதும் இதே விளைவைத் தரும். உராய்வால் இயங்கும் ஒன்றுக்கு வழுக்கும் எதுவும் விரோதி.

அறிகுறி தெரிந்தவுடன் வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கிடம்கூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைக்கலாம், ஆனால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளில் எண்ணெய் ஊறிவிட்டால் அவை பழைய பிடிப்புக்குத் திரும்பும் என்று நம்ப முடியாது. அவற்றை மாற்றிவிடுவதே முறை. முதலில் வந்த கிறீச் சத்தம் பேடு தேய்ந்துவிட்டது என்ற அறிவிப்பாகவும் இருந்திருக்கலாம் என்பதால், எப்படியும் செய்ய வேண்டிய செலவுதான் இது.

காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றினேன். இப்போது ஏதோ சரியில்லை

புது ஆயில் ஊற்ற ஊற்ற, காருக்கு அடியில் அதே வேகத்தில் புது ஆயில் ஒழுகுகிறது என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. வடிகால் போல்ட்டு உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

போல்ட்டு இறுக்கமாக இருந்தும், இஞ்சினைக் கிளப்பியதும் ஃபில்டர் பக்கமாக ஆயில் பீய்ச்சி அடிக்கிறது என்றால், உடனே இஞ்சினை அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது வளையத்தோடு புது ஃபில்டர் உட்கார்ந்திருக்கும். இரண்டு வளையங்கள் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அழுத்தம் ஏறியதும் ஒன்று நழுவி வழிவிட்டுவிடும்.

ஆயில் ஒழுகவில்லை, ஆனால் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் மேல் கோட்டையும் தாண்டி வெகு உயரத்தில் நிற்கிறது என்றால், நீங்கள் வடித்தது இஞ்சின் ஆயில்தானா என்று யோசியுங்கள். காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவருக்கு கியர்பாக்ஸின் போல்ட்டும் இஞ்சினின் போல்ட்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கியர்பாக்ஸை வடித்துவிட்டு இஞ்சினில் புது ஆயிலை ஊற்றினால், இஞ்சினில் இரண்டு பங்கு ஆயிலும் கியர்பாக்ஸில் வெறும் காற்றும் இருக்கும். இந்த நிலையில் காரைத் தெருமுனை வரைகூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டையும் முறையாக வடித்து, கையேட்டில் சொன்ன வகையிலும் அளவிலும் நிரப்பிய பிறகே சாவியைத் தொடலாம்.

டீசல் காருக்கு பெட்ரோல் போட்டுவிட்டதாகப் பெட்ரோல் பங்க்கிலேயே தெரிந்துவிட்டால், சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள். வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கை வடிக்க ஆளை அழையுங்கள். "கொஞ்சம்தான், டீசலோடு கலந்துவிடும்" என்று ஓட்டினால் டீசல் பம்பும் இஞ்செக்டரும் போகும். பின்னால் நிற்கும் வாகனங்களின் ஹாரன் சத்தம் அந்தச் செலவோடு ஒப்பிட்டால் பொறுத்துக்கொள்ளக் கூடியதே.

மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது; காற்று வரவில்லை

விசிறி மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டரை நீங்களே மாற்றினீர்கள். நம் வீடுகளிலுள்ள பெரும்பாலான மின்விசிறிகளுக்கு அது 2.5 மைக்ரோஃபாரட் அளவில், சிறு டப்பா போல இருக்கும். கடைக்காரர் பழையதைப் பார்த்துவிட்டு அதே அளவைத் தந்திருப்பார். கோளாறு அதில் இல்லை, ஒயரை இணைத்த முறையில் இருக்கிறது. கெப்பாசிட்டரின் எந்த முனையோடு மின்சார ஒயரைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே விசிறி சுற்றும் திசை அமைகிறது. முனை மாறினால் விசிறி எதிர்த்திசையில் சுற்றி, காற்றைக் கூரைக்கு அனுப்பும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது சாதாரண விசிறி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். குறைந்த வேகத்தில் வைத்துப் பார்த்தால் திசை தெரியும். கூரையிலுள்ள ஒட்டடை முழுவதும் ஒரே நாளில் உதிர்ந்து கட்டில் மேல் விழுந்திருந்தால் அதுவும் சான்றுதான்.

சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை அணைத்துவிட்டு, கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒயரை அடுத்த முனைக்கு மாற்றுங்கள். பிரிப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தால் இரண்டாம் முறை ஏணி ஏற வேண்டியிருந்திருக்காது.

டெஸ்டர் எரிகிறது, ஆனால் எந்தப் பொருளும் ஓடவில்லை

மின்சாரம் வருகிறது, ஆகவே டியூப்லைட்தான் போய்விட்டது என்று புதிது வாங்கி வருவீர்கள். அதுவும் எரியாது. டெஸ்டர் காட்டுவது மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரை மட்டுமே. மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் விட்டுப்போயிருந்தால் அதற்குத் தெரியாது. ஏதாவது ஒரு பொருள் சுவிட்ச் ஆன் நிலையில் இணைந்திருக்கும்போது, சாக்கெட்டின் இரு துளைகளிலுமே டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது என்று கொள்ளலாம். போன வாரம் சுவிட்ச் போர்டைத் திறந்து, சுவிட்ச் மாற்றிவிட்டு, திருகாணியை அரைகுறையாக முடுக்கியவர் யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த நிலையில் நியூட்ரல் ஒயரும் ஷாக் அடிக்கும் என்பதால், மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. போர்டுக்குள் விட்டுப்போன இடம் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள். இங்கே வீரம் வேண்டாம்.

மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டது

தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் உள்ள சிறு சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். கெட்டியான மாவோ சட்னியோ சுமையை ஏற்றினால் மோட்டார் எரிந்துவிடாமல் காக்க அது தானாகத் துண்டித்துக்கொள்ளும். சில நிமிடம் ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். கவிழ்ப்பதற்கு முன் ஜாரை எடுத்துவிட வேண்டும் என்பதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் எங்கள் சமையலறைச் சுவரில் இன்றும் இளம்பச்சை நிறத்தில் இருக்கிறது.

மேல்நிலைத் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயில் வரவில்லை

தொட்டியைக் கழுவிய மறுநாள் காலையில் தோன்றும் அறிகுறி இது. கழுவும்போது அடைத்த கேட் வால்வைத் திறந்தீர்களா என்பதே முதல் சோதனை. மாடி ஏறிப் பார்க்காமல் பிளம்பரை அழைத்தால், அவர் ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கும்போது முகத்தில் ஒரு மரியாதையான புன்னகை இருக்கும். வால்வின் சக்கரம் சுற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே தண்டு துண்டாகியிருக்கலாம். பழைய கேட் வால்வை ஆவேசமாக இறுக்கி அடைப்பவர்களுக்கு இது நேரும்.

வால்வு திறந்துதான் இருக்கிறது, குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று மட்டும் வருகிறது என்றால், பைப்பில் காற்று அடைத்திருக்கிறது. தொட்டியிலிருந்து கீழே இறங்கும் பைப்பில், வாய் திறந்தபடி மேல் நோக்கி நிற்கும் ஒரு சிறு பைப் இருக்கும். காற்று போய்வருவதற்காகவே பிளம்பர் அதை வைத்தார். அதற்குள் பல்லி விழுந்துவிடும் என்று நல்லெண்ணத்தோடு மூடி போட்டு இறுக்கியவர் எங்கள் வீட்டில் ஒருவர் உண்டு. உறவு முறையைச் சொல்ல மாட்டேன். மூடியைக் கழற்றி, பல்லிக்குத் தடையாக மெல்லிய கொசுவலைத் துண்டை மட்டும் கட்டி, வீட்டிலேயே தாழ்வான குழாயை முழுவதுமாகத் திறந்து வையுங்கள். சற்று நேரம் துப்பித் துப்பி வந்த பிறகு தண்ணீர் சீராகும்.

மோட்டார் ஓடியும் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பது வேறு அறிகுறி. கிணற்றிலிருந்தோ தரைத்தொட்டியிலிருந்தோ இழுக்கும் மோட்டாரானால், கழற்றி மாட்டிய பின் அதற்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பினீர்களா, இழுக்கும் பைப்பின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வு அந்தத் தண்ணீரைத் தாங்கி நிற்கிறதா என்று பாருங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஒயர்களை இடம் மாற்றிப் பூட்டியிருந்தால் அது எதிர்த்திசையில் சுற்றி, அழுத்தமே இல்லாமல் கொஞ்சம் தண்ணீரைத் தரும். ஏதாவது இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் திசை சரியாகிவிடும். எதுவானாலும் தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள், உள்ளிருக்கும் சீல் கருகிவிடும்.

வாஷிங் மெஷின் நடக்கிறது, அல்லது தண்ணீர் பிடித்துக்கொண்டே இருக்கிறது

முன்பக்கம் கதவுள்ள புது மெஷின் பிழியும்போது குளியலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து வருகிறது என்றால், பின்பக்கத்தில் டிரம்மை அசையாமல் பிடித்திருக்கும் பயண போல்ட்டுகளை எடுக்காமல் ஓட்டுகிறீர்கள். லாரியில் வருவதற்காகப் போட்டவை அவை. இடம் மாற்றும்போது திரும்பத் தேவைப்படும் என்பதால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

தண்ணீர் எவ்வளவு போனாலும் நிரம்பவில்லை என்றால், வெளியேற்றும் குழாய் தரையில் கிடக்கிறதா என்று பாருங்கள். மெஷின் ஒரு பக்கம் பிடிக்கப் பிடிக்க மறுபக்கம் வடிந்துகொண்டிருக்கும். குழாயின் முனையைக் கையேட்டில் குறித்த உயரத்துக்குத் தூக்கி மாட்டினால் போதும். கீழ்மூலையில் உள்ள ஃபில்டரைச் சுத்தம் செய்வதானால், அடியில் தட்டு வைத்து முதலில் தண்ணீரை வடித்த பிறகே மூடியைத் திருக வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்களுக்கு வீடு கழுவும் வேலையும் சேர்ந்து முடியும்.

கேஸ் அடுப்பு மஞ்சளாக எரிகிறது. பாத்திரம் கரி பிடிக்கிறது

பண்டிகைக்கு முன் அடுப்பைத் தேய்த்துக் கழுவிய பிறகு இது வரும். பெரிய பர்னரின் தட்டை அதன் இடத்தில் சரியாக உட்காரவைக்காமல் இருப்பதும், ஈரம் காயாமல் பற்றவைப்பதும், ஓட்டைகளைத் தேய்த்த சோப்புத்தூளே அடைத்துக்கொள்வதும் காரணங்கள். காயவைத்து, ஓட்டைகளை ஊசியால் சுத்தம் செய்து, தட்டு ஆடாமல் பொருத்திப் பாருங்கள். நீலம் திரும்பாவிட்டால், காற்று நுழையும் வழியில் சிலந்தி வலையோ தூசியோ இருக்கலாம்; அதை அடுப்பு பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடலாம். கசிவு இருக்கிறதோ என்ற ஐயம் வந்தால் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், தீக்குச்சியால் ஒருபோதும் வேண்டாம். வாடை வீடு முழுவதும் பரவியிருந்தால் மின் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை அடைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

சுவரில் ஈரம் படர்கிறது. மழையும் இல்லை, குழாயும் ஒழுகவில்லை

அண்மையில், ஏன், ஓராண்டுக்கு முன்புகூட, அந்தச் சுவரில் படம் மாட்ட ஆணி அடித்தீர்களா? சுவருக்குள் புதைந்திருக்கும் பைப்பில் ஆணி இறங்கினால் உடனே தண்ணீர் பீறிடும் என்று நினைக்கிறோம். துளைத்த ஆணியே தக்கையைப் போல அடைத்துக்கொள்வதால், தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, மாதக் கணக்கில் கழித்து, சுவரின் மறுபக்கத்து அறையில் சுண்ணாம்பை உப்பவைக்கும். அந்த அறைக்குத் திரும்பவும் பெயின்ட் அடித்துப் பார்த்தவர்கள் உண்டு.

ஐயம் வந்தவுடன் செய்யக் கூடாதது ஆணியைப் பிடுங்குவதுதான். முதலில் மேல்நிலைத் தொட்டியின் கேட் வால்வை அடையுங்கள், பிறகு குழாய்களைத் திறந்து பைப்பிலுள்ள தண்ணீரை வடியுங்கள், அதன் பிறகு ஆணியைத் தொடுங்கள். பூச்சை உடைத்து, ஓட்டை விழுந்த துண்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் துண்டு ஒட்டுவது பிளம்பருக்கு அரை நாள் வேலை. குழாயும் ஷவரும் இருக்கும் இடத்துக்கு நேர் மேலும் கீழும் பைப் போகும் வாய்ப்பு மிகுதி என்பதால் அந்தச் செங்குத்துக் கோட்டில் ஆணி அடிக்காதீர்கள்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது, ஒரு திருகாணி மிஞ்சியிருக்கிறது

பொருளைப் போட்டுப் பாருங்கள். ஓடவில்லை என்றால் மீண்டும் பிரியுங்கள். ஓடுகிறது, ஆனால் கடகடவென்று சத்தம் வருகிறது என்றாலும் பிரியுங்கள். சத்தமே இல்லாமல் நன்றாக ஓடினால், வண்டியாக இருக்கும் பட்சத்தில் கட்டாயம் பிரித்து, ஒவ்வொரு துளையாகப் பார்த்தே தீர வேண்டும். ரேடியோவோ மேசை விளக்கோ என்றால், திருகாணியைச் சிறு காகிதத்தில் மடித்து, எந்தப் பொருளுடையது, எந்தத் தேதி என்று எழுதிவையுங்கள். எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் அப்படிப் பதினோரு பொட்டலங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் மேல் "தெரியவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறது, அதற்கு உரிய பொருள் வீட்டில் எங்கோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.